சொல்லி ஒப்படைத்தவர்

ஆன்டி எதையாவது விற்று நான் பார்த்ததே இல்லை. விற்கப் பார்ப்பார். ஆள் வருவார், பொருளைப் பார்ப்பார், பிடித்துப்போய்ப் பணப்பையை எடுப்பார். அந்த நேரம் பார்த்து ஆன்டி வாயைத் திறப்பார். வந்தவர் பணப்பையை மூடிக்கொண்டு போய்விடுவார்.

துணி துவைக்கும் மெஷினை வாங்க ஒரு மலாய்க்காரத் தம்பதி வந்தபோது நான் எதிரே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர். மெஷின் பார்க்கப் புதிதுபோல இருந்தது. ஆன்டி அவர்களுக்கு மலாயில் விளக்கினார். இது பிழியும்போது ஆடும், ஆடிக்கொண்டே நடக்கும், போன வாரம் குளியலறையில் போட்டது சமையலறைக்கு வந்துவிட்டது, வீட்டில் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கணவர் சிரிக்கவில்லை. இருவரும் கிளம்பிப் போனார்கள்.

"ஏன் ஆன்டி, சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"அவங்க வீட்ல போய் அது நடந்தா என்னைத்தானே திட்டுவாங்க? இப்ப மெஷின மட்டும் திட்டிட்டுப் போறாங்க லா."

இந்தப் பழக்கம் அவருக்குத் துறைமுகத்தில் வந்தது. இளவயதிலிருந்து ஓய்வு பெறும்வரை போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். லோரி வந்து பெட்டியை ஏற்றும் முன், எந்தப் பெட்டி நசுங்கியிருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று லோரிக்காரரிடம் வாயால் சொல்லியாக வேண்டும். "சொல்லாம கைமாத்திட்டா ஒடசல் நம்ம தலையில" என்பார். கிடங்கை விட்டு வந்த பிறகும் உலகத்தையே அப்படித்தான் கைமாற்றினார். தன் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் நல்லவன், குடிப்பதில்லை, ஆனால் கோபம் வந்தால் நாள் கணக்கில் பேசமாட்டான் என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். அண்ணி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். "ஏன் அண்ணி மிதிக்கிறீங்க?" என்று அதையும் சத்தமாகக் கேட்டார். கல்யாணம் நடந்தது. பையன் பேசாமல் இருக்கும் நாட்களில் அந்தப் பெண் நிம்மதியாக சீரியல் பார்க்கிறாள், முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்களாம்.

ஆன்டி கத்தோலிக்கர். நான் முருகன் பக்கம். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் என் வேனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால், அவருடைய கோயில்காரர்களின் சவாரிகள் எனக்கு வந்தன. சர்ச்சுக்கு அவர்கள் சொல்வது கோயில் என்றுதான். ஒரு கோயிலைச் சேர்ந்த மொத்த ஜனத்துக்கும் பங்கு என்று பெயர். சாமியார்களை இரண்டு மூன்று வருடத்துக்கொரு தடவை மேலிடம் பங்கு விட்டுப் பங்கு மாற்றும். மேலிடம் என்று அவர்கள் சொன்னபோது நான் முதலில் கடவுள் என்று நினைத்துவிட்டேன். அது கடவுளுக்குக் கொஞ்சம் கீழே, ஏர்கண்டிஷன் போட்ட ஓர் அலுவலகம்.

சாமியார் மாற்றலாகும்போது அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பங்கு ஜனங்கள் பஸ்ஸும் வேனும் பிடித்து, அவரைப் புதிய கோயிலுக்கே கொண்டுபோய் விடுவார்கள். மாலை, பொன்னாடை, கேக், பிரியாணி எல்லாம் இருக்கும். ஒப்படைப்பு என்று பெயர். பங்குத் தலைவர் மைக்கில் சாமியாரைப் புகழ்வார். அதற்குப் பிறகு அவருடைய சாப்பாட்டைப் பற்றிப் புதிய பங்கின் சமையல்காரப் பெண்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு ஆன்டியுடையது.

சாப்பாட்டோடு அவர் நின்றால்தானே. ஒரு சாமியாரை ஒப்படைக்கும்போது, "ஃபாதருக்குப் பசி வந்தா பிரசங்கம் நீளும். பூசைக்கு முன்னாடி ரெண்டு இட்லி குடுத்துடுங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்றார். இன்னொருவருக்கு, "மத்தியானம் தூங்குனா போன் எடுக்க மாட்டாரு. சாகுறவங்க சாயங்காலமா சாகுற மாதிரி பாத்துக்குங்க." ஜனம் கைதட்டிச் சிரிக்கும். மாலையும் கழுத்துமாக நிற்கும் சாமியார், சிரித்தாலும் தப்பு, சிரிக்காவிட்டாலும் தப்பு என்ற முகத்தோடு நிற்பார். நான் அந்தச் சவாரிகளுக்குப் போனதே இதைக் கேட்கத்தான். பிரியாணியும் ஒரு காரணம்.

இனி அந்த ஃபாதருக்கு வருகிறேன். கிட்டார் வாசிப்பார். இளைஞர்களோடு புட்சால் பந்து ஆடுவார். எங்கள் தெருவில் அவர் பைக் வந்தால் இந்துப் பிள்ளைகளும் ஓடும். அவரை எங்கள் ஊரில் ஒப்படைக்க வந்த முந்தைய பங்கின் அம்மா ஒருவர், அவருக்கு வெங்காயம் சேராது, ஐஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று ஆன்டியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆன்டி அவருக்காகத் தன் சாம்பாரிலிருந்தே வெங்காயத்தை நாடு கடத்தினார்.

ஒரு சனிக்கிழமை மாலை ஓர் அம்மா ஆன்டி வீட்டுக்கு வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவருக்கு ஜொகூரில் வேலை. அவருடைய மகள் ஃபாரம் ஒன்று, பதின்மூன்று வயது, என் வேனில்தான் பள்ளிக்குப் போனாள். முன்சீட்டுக்குச் சண்டை போடுகிற பிள்ளை. சில மாதங்களாகப் பின்சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்துகொண்டிருந்தாள். வயதுக்கு வருகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். கோயிலில் மறைக்கல்வி என்கிற வேதப் பாட வகுப்பு முடிந்த பிறகு அந்த ஃபாதர் அவளைத் தனியாக நிறுத்திவைத்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. பின்னால் வேன் கேட்டு வந்த அந்த அம்மாவே என்னிடமும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஊரில் யாருக்கும் தெரியக் கூடாத ஒன்றை, எதையும் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஒருவரிடம் வந்து அந்த அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கே பயமாக இருந்தது. ஏன் இவரிடம் வந்தீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "மத்தவங்க எல்லாம் மூடிடுவாங்க அண்ணே. இவங்களுக்கு மூடத் தெரியாது" என்றார்.

ஆன்டி அவரிடம் ஒன்றுதான் சொன்னாராம். "என்ன நடந்துச்சுன்னு நான் கேக்க வேண்டிய எடத்துல கேப்பேன். பிள்ளை பேரு மட்டும் என் வாயிலருந்து வராது."

போலீஸ் பலாய்க்கு, ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஆன்டி அன்றைக்கே சொன்னார். அந்தப் பேச்சை எடுத்தாலே பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, முதலில் மேலிடத்திடம் சொல்வோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்த அம்மா நம்பினார். பிரிக்பீல்ட்ஸ் தாண்டி இருந்த அந்த அலுவலகத்துக்கு நான்தான் வேன் ஓட்டினேன்.  போய்ச் சேர்ந்ததும், "அண்ணே, நீங்களும் உள்ள வாங்க, கூட ஒரு ஆள் இருந்தா நல்லது" என்றார் அந்த அம்மா.

ஒரு மூத்த சாமியார் எங்களை வரவேற்றார். தேநீர் வந்தது. ஒரு தட்டு நிறையக் கறிபாப், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்தது, வந்தது. என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பங்கு?" என்று கேட்டார்.

"பத்துமலை" என்றேன்.

அப்படியொரு பங்கு தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அந்த அம்மா திக்கித் திக்கிச் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். அதுதான் எனக்கு எரிச்சல். மிகவும் வேதனையான விஷயம் என்றார். இருவருக்காகவும் மன்றாடுகிறோம் என்றார். வெளியே தெரிந்தால் எளிய மக்களின் விசுவாசம் தளரும், பிள்ளையின் எதிர்காலமும் இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் மேலே பார்த்துக்கொள்வோம் என்றார்.

"ஃபாதர எங்க அனுப்பப் போறீங்க?" என்று ஆன்டி கேட்டார்.

"அவருக்கு ஓய்வு தேவை அம்மா."

"எங்க ஓய்வு?"

"தகுந்த இடத்துல."

"அந்தத் தகுந்த இடத்துல பிள்ளைங்க இருக்காங்களா?"

சாமியார் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். "நீங்க ஒண்ணும் சாப்பிடலையே, கறிபாப் எடுத்துக்குங்க."

ஆன்டி எடுக்கவில்லை. எனக்குப் பசி, ஆனாலும் நானும் எடுக்கவில்லை. சாமிக்காக ஆசைப்பட்டதை விடுவதை அவர்கள் ஒறுத்தல் என்பார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய ஒறுத்தல் அதுதான்.

அடுத்த மாதம் பூசை முடிவில் அறிவிப்பு வந்தது. ஃபாதர் உடல்நலம் கருதி ஓய்வுக்குச் செல்கிறார், அவருக்காக மன்றாடுவோம். பெண்கள் அழுதார்கள். அவ்வளவு நல்ல சாமியாரை யாரோ என்னவோ சொல்லிக் கிளப்பிவிட்டார்கள் என்று வாசலிலேயே பேச்சு ஆரம்பித்தது. பஸ் கிடையாது, மாலை கிடையாது, ஒப்படைப்பு கிடையாது.

ஓய்வு எவ்வளவு சிறியது என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. காஜாங் பக்கம் இருக்கும் ஆன்டியின் உறவுக்காரப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் கோயில் வாசலில் பெரிய பேனர், அதில் கிட்டாரோடு ஃபாதர். மறைக்கல்விக்கும் இளைஞர்களுக்கும் புதிய பொறுப்பாளர், வருக வருக.

ஆன்டி அந்தப் படத்தை என்னிடம் காட்டிவிட்டு, எங்கள் ஊரில் ஃபாதரை ஒப்படைத்தாரே, அந்தப் பழைய பங்கு அம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். இரகசியமாகப் பேசுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"வெங்காயம் சேராதுன்னு சொன்னீங்களே அக்கா. ஐஸ் தண்ணி வேணாம்னு சொன்னீங்களே. வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

அந்தப் பக்கம் அழுகை. 

"மேல பாத்துக்குறோம்னு சொன்னாங்க. நாங்க நம்பிட்டோம்."

ஆன்டி போனை வைத்தார். அவர் கோபப்பட்டு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எங்களிடம் சொல்லாமல் கைமாற்றியிருக்கிறார்கள். இப்போது எங்கள் முறை.

அவர் நேராக அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். ஆன்டி பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காஜாங் பேனரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீ வேணாம்னா நான் போகல. உன்ன கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்றாராம்.  பிள்ளை, "அங்க எத்தன பேர் கிளாஸுக்கு வராங்க?" என்று கேட்டிருக்கிறாள். தெரியவில்லை என்றார் ஆன்டி. "சொல்லுங்க ஆன்டி. என் பேரு மட்டும் வேணாம்" என்றிருக்கிறாள்.

மறுநாள் என் வாசலில் வந்து நின்றார். "தம்பி, ஞாயித்துக்கெழம வேன் வேணும். ஃபாதர ஒப்படைக்கணும்."

பங்குத் தலைவருக்கு விஷயம் எப்படியோ எட்டி, ஓடி வந்தார். "இந்தத் தடவ ஒப்படைப்பு வேணாம்னு மேல சொல்லிட்டாங்க ஆன்டி."

"மேல இருக்கிறவங்களுக்கு வழக்கம் தெரியல. நமக்குத் தெரியும் லா" என்றார் ஆன்டி.

வேனில் வந்தது ஆன்டியும் சமையல் குழுவிலிருந்து இரண்டு பெண்களும்தான். அந்தப் பெண்களுக்கு விஷயம் தெரியும், பெயர் தெரியாது. ஆன்டி எப்போதும்போல மாலையும் கேக்கும் வாங்கியிருந்தார். மாலை எதற்கு என்று கேட்டேன். வெறும் கையோடு போனால் மைக் தரமாட்டார்கள் என்றார்.

பூசை முடிந்து கூடாரத்தின் கீழ் தேநீர் நடந்துகொண்டிருந்தது. பழைய பங்குக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் அந்த ஊர் ஜனத்துக்கு ஒரே சந்தோஷம். ஃபாதர் எங்களைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார், மறுபடி எடுத்தார். சுற்றிலும் பிள்ளைகள். ஆன்டியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஃபாதருக்கு வெங்காயம் சேராது. ஐஸ் தண்ணி குடுக்காதீங்க, தொண்ட கட்டிக்கும். சப்பாத்தின்னா நாலு சாப்பிடுவாரு, ரெண்டு போதும்பாரு, நம்பாதீங்க."

ஜனம் சிரித்தது.

"இன்னொண்ணு. பிள்ளைங்கள இவர்கிட்ட தனியா விடாதீங்க. நாங்க விட்டோம். நடக்கக் கூடாதது நடந்துச்சு. மேல போய் சொன்னோம். கேட்டுக்கிட்டாங்க, இங்க அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. எங்ககிட்டயும் சொல்லல."

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். முப்பது வருடம் லோரி சத்தத்துக்கு மேல் பேசியவரிடம் மைக்கை நிறுத்தி என்ன பயன்? கோட் போட்ட ஒருவர் எழுந்து, "ஆதாரம் இருக்கா? யாரு அந்தப் பிள்ள, பேரச் சொல்லுங்க" என்று கத்தினார்.

"பெட்டி நசுங்கியிருக்குன்னு சொல்றது என் வேல. பிரிச்சுப் பாக்கிறதுக்குப் போலீஸ் இருக்கு. பேரு எதுக்கு உங்களுக்கு? பேரு தெரிஞ்சாத்தான் உங்க பிள்ளைய கூட்டிக்குவீங்களா?"

 பிறகு ஃபாதருக்குப் பக்கத்தில் நின்ற சிறுமியை ஓர் இளம் தகப்பன் வந்து கைபிடித்துக் கூட்டிப்போனார். அடுத்து ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஃபாதரைச் சுற்றி யாருமில்லை. கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாலையை வேனுக்கே எடுத்து வந்து என் முருகன் படத்துக்குப் போட்டேன். வீணாக்குவானேன்.

அந்த வாரமே அவரை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு முன் அவர் இருந்த பங்கிலிருந்து இன்னொரு குடும்பம் பலாய்க்குப் போனது. தான் தனியில்லை என்று தெரிந்த பிறகு எங்கள் பிள்ளையும் அம்மாவோடு போனாள். வழக்கு இழுத்தது, வாய்தா வாய்தாவாக. அதன் முடிவு அந்தப் பிள்ளைகள் சொல்ல வேண்டியது. அவர் இப்போது எங்கும் பூசை வைப்பதில்லை.

மேலிடத்துக்கு இப்போது கால் முளைத்தது. மூத்த சாமியாரே ஆன்டி வீட்டுக்கு வந்தார். முறைப்படி விசாரித்துக்கொண்டிருந்தோம், நீங்கள் திருச்சபையின் பெயரைச் சந்தியில் இழுத்துவிட்டீர்கள், அந்தக் கோயில் ஜனங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் நல்லது என்றார். ஆன்டி உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"கறிபாப் எடுத்துக்குங்க ஃபாதர்."

அவர் அதைத் தொடவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சமையல் குழுவிலிருந்து ஆன்டியை எடுத்தார்கள். பூசையில் அவர் பெஞ்சில் இடம் நிறையக் கிடைத்தது, யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் பூசை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து காதோரம் கேட்டார்கள். யாரு ஆன்டி அந்தப் பிள்ள? நம்ம தாமானா? அப்பா இல்லாத பிள்ளையா? ஜெபம் பண்ணத்தான் கேக்குறேன். என்னிடமும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் பத்துமலை என்றேன். ஆன்டியின் வாயைப் பற்றி எனக்கிருந்த பயத்தை நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. வருடங்கள் போயின. பல்வலி, பக்கத்து வீட்டுக் கடன், பங்குத் தலைவரின் தலைமுடிச் சாயம் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னார். அதை மட்டும் சொல்லவில்லை.

"பேசாம வேற சர்ச்சுக்குப் போயிடலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் போகணும்? அது அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார்.

இப்போது அந்தக் கோயிலில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒரு குழு இருக்கிறது. போன் எண் போட்ட ஒரு போஸ்டரும் இருக்கிறது. தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஆன்டி தண்ணீர் மெஷினை நகர்த்தினார்.

போன வருடம் ஆன்டி போய்விட்டார். சர்க்கரை. அடக்கப் பூசைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பங்குத் தலைவர் மைக்கில், அன்னார் அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார். பெட்டிக்குள்ளிருந்து பதில் வருமோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போது ஓர் இளம்பெண் எழுந்து முன்னே போனாள். யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். மைக்கைத் தலைவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, பீடத்தின் பக்கம் திரும்பி நின்றாள். ஜனத்திடம் பேசவில்லை.

"ஆன்டிய கொண்டு வந்திருக்கோம். சர்க்கர இருக்கு, ஒத்துக்க மாட்டாங்க. தேத்தண்ணியில திருட்டுத்தனமா சீனி போடுவாங்க, பாத்துக்குங்க. வாய மூட மாட்டாங்க. உங்ககிட்டயும் கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும். கறிபாப் குடுத்து ஏமாத்த முடியாது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. பிறகு அவள் ஜனத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்கு இன்னொரு கொற இருக்குன்னு நீங்க எல்லாரும் நெனச்சீங்க, மனசுல ஒண்ணும் நிக்காதுன்னு. யாரு அந்தப் பிள்ளன்னு இவ்வளவு வருஷமா கேட்டீங்களே. நான்தான்."

தன் பெயரையும் சொன்னாள், முழுப் பெயர், அப்பா பெயரோடு.  அவளுடைய அம்மா எழுந்து நின்றார். சமையல் குழுப் பெண்கள் இருவரும் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக மற்றவர்களும்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆன்டியின் பெயரை எழுதினால் எங்கள் ஊரில் அதுவும் தெரிந்துவிடும், அதனால் ஆன்டியின் பெயரும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு என்று ஆன்டி வைத்திருந்தார். நானும் அப்படியே வைத்திருக்கிறேன்.